பன்னில் புரோமேட் என்று சந்தேகமா? லேபிளை நம்பி வழக்குப் போடாதீர்கள்

கேள்வி: பாக்கெட் ரொட்டியில் 'ஐஎன்எஸ் 300, 1100' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இவை புற்றுநோய் வரவழைக்கும் மாவு ரசாயனங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தெருமுனை பேக்கரியில் தினமும் வாங்கும் பன்னிலோ லேபிளே கிடையாது. பன்னைத் தனியார் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு, இரண்டு பேர் மீதும் வழக்குப் போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ரொட்டி கம்பெனியை விட்டுவிடுங்கள். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை. அதில் 300 என்பது வைட்டமின் சி. 1100 அமைலேஸ் எனும் நொதி. இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. பெயரையோ எண்ணையோ அச்சிட வேண்டும் என்பதும் சட்டம்தான்.

நீங்கள் பயப்பட வேண்டியது 924, அதாவது பொட்டாசியம் புரோமேட். மாவு நன்றாக உப்பிவரச் சேர்க்கும் இது, புற்றுநோய் வரவழைக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ரசாயனம். 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது. தடை செய்த பொருளின் எண்ணை எந்த பேக்கரிக்காரர் அச்சிடுவார்? ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி.

ஆனால் நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்த பன்னின் அறிக்கையை நீட்டினால், "அது எங்கள் கடை பன்தானா?" என்ற ஒரே கேள்வியில் எதிர்த்தரப்பு வக்கீல் முடித்துவிடுவார். உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். தவறு இருப்பதாக அறிக்கை வந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நிபந்தனை: வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப் போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேறு தட்டிலிருந்து எடுத்துத் தருவாரே என்பீர்கள். சட்டம் எழுதியவர்கள் பேக்கரி வாசலில் நின்றதில்லை போலும்!

அதனால் என் யோசனை, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாக்கி சீல் வைப்பார். அது நீதிமன்றத்தில் நிற்கும். "மில்காரன் கலந்தான், எனக்குத் தெரியாது" என்று வாயால் சொல்லி பேக்கரிக்காரர் தப்ப முடியாது. மாவு வாங்கிய பில்லைக் காட்டி, உரிய கவனத்தோடு நடந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இழப்பீடு தனி விஷயம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். உடல் பாதிப்புக்கு மருத்துவச் சான்று இல்லாமல் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். பேக்கரி மீதான குற்ற வழக்குக்குப் பொதுவாக ஓராண்டுதான் கெடு. இன்றிலிருந்தே பன்னுக்கும் பில் கேளுங்கள். கடையின் 14 இலக்க உரிம எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து, புகாரில் அதையும் எழுதுங்கள்.