உமிச் சாம்பல், தேங்காய் ஓட்டுக் கரி போன்ற மலிவான பொருள்களால் கழிவுநீரின் நைட்ரேட், பாஸ்பேட்டை நீக்க முடியுமா? எங்கள் குடியிருப்புக் குளம் பச்சை பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பாஸ்பேட்டை நீக்க முடியும். நைட்ரேட் இந்த வழிக்கு எளிதில் மசியாது. உமிச் சாம்பலை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். நான் போட்டுப் பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்குவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் நான் கவனித்துவந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதே தொல்லைதான். சுத்திகரித்த நீர் தெளிவாக இருக்கும், நாற்றம் இருக்காது. தோட்டத்துக் குளத்தில் விட்ட பத்தாம் நாள் பச்சைக் கஞ்சியாகிவிடும். காற்றூதி நுண்ணுயிரிகளை வளர்க்கும் வழக்கமான முறை அழுக்கைத் தின்று தீர்க்கிறது. பாஸ்பேட்டில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. தேங்கிய நீரில் பாசி செழிக்க, பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருந்தாலே போதும். எங்கள் நீரில் 4 மில்லிகிராம் இருந்தது.

ஏன் பாஸ்பேட்டை முதலில் பிடிக்க வேண்டும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 1973இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒன்டாரியோ மாநிலத்தின் 226ஆம் எண் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நான் முதலில் எடுத்தது உமிச் சாம்பல். அரிசி ஆலையில் சும்மாவே கொடுத்தார்கள். பாஸ்பேட்டைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு: அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் கரைசலையும், வைட்டமின் சி என்று நாம் சொல்லும் அஸ்கார்பிக் அமிலத்தையும் மாதிரி நீரில் சேர்த்தால் நீலம் பிறக்கும். நீலம் அடர்ந்தால் பாஸ்பேட் அதிகம். சாம்பலுக்குள் போகும் நீர் வெளிர் நீலம் காட்டியது. வெளியே வந்த நீரோ மயில்கழுத்து நிறம்! குழாய்களை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். அதே நிறம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பாஸ்பேட் உமியிலும் இருக்கிறது. எரித்தாலும் சாம்பலில் தங்கிவிடுகிறது. அதைத்தான் நான் கழுவிக் குளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கரியின் சிக்கல் வேறு. அதன் பரப்பு பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டது. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் எதிர்மின்சுமை கொண்டவையே. ஒன்றையொன்று விலக்கும். நேர்மின்சுமை கொண்ட அம்மோனியத்தைக் கரி ஓரளவு பிடிக்கும். சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பாஸ்பேட்டைப் பிடிக்க வேண்டியது இரும்பு, அலுமினியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய நான்கில் ஒன்று. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்பூரான் கல்லில் முதல் இரண்டும் இருக்கின்றன. குடிநீர் நிலையங்களில் படிகாரம் போட்டுத் தெளியவைத்தபின் அடியில் தங்கும் கசடிலோ அலுமினியம் நிறைய. டப்ளின் ஆய்வாளர்கள் இந்தக் கசடைச் செயற்கைச் சதுப்புப் படுகைகளில் இட்டுப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

நானும் அதையே எடுத்தேன். காய்ந்தால் சாம்பல் நிறக் கட்டியாகும். உடைத்து, சலித்து, கடுகளவு முதல் மிளகளவு வரையுள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். தூள் இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். நாலு அங்குல பிவிசி குழாயில் மூன்றடி உயரத்துக்கு 6 கிலோ. நாளுக்கு 200 லிட்டர் மெதுவாக விட்டேன். சோதனைக் குழாயில் துளி நீலம் இல்லை. தினமும் காலையில் அந்த நிறமற்ற நீரைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. நாற்பதாம் நாள் இலேசான நீலம் எட்டிப் பார்த்தது. கசடு நிறைந்துவிட்டது.

இந்தக் கணக்கை நீங்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். 8,000 லிட்டருக்கு 6 கிலோ, அதாவது 1,000 லிட்டருக்கு முக்கால் கிலோ. நாளுக்கு 50,000 லிட்டர் வரும் குடியிருப்பு என்றால் மாதத்துக்கு ஒரு டன்னுக்கு மேல். ஆய்வுக் கட்டுரைகளில் இதைவிடப் பல மடங்கு கொள்ளளவைப் பார்ப்பீர்கள். அவற்றில் பல, தூய நீரில் பாஸ்பேட் உப்பை மட்டும் லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் என்று கரைத்து அளந்தவை. உண்மையான கழிவுநீரில் பாஸ்பேட் குறைவு. கார்பனேட்டும் கரிமப் பொருளும் இடத்துக்குப் போட்டியிடும். ஆகவே மொத்தக் கழிவுநீருக்கும் இதை நம்பாதீர்கள். குளத்துக்குப் போகும் பங்குக்கு மட்டும், கடைசிப் படியாக வையுங்கள்.

நைட்ரேட்டுக்கு மரச்சில்லுப் படுகை போடுங்கள். காற்றுப் புகாமல் நீரில் மூழ்கிய சில்லுகளில் வளரும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். அனல்மின் நிலையச் சாம்பலை நான் தொட மாட்டேன். அதிலிருந்து கன உலோகங்கள் கசியக்கூடும்.

எனக்கு இன்னும் மனக்குறையாக இருப்பது நிறைந்த கசடுதான். அலுமினியம் பிடித்த பாஸ்பேட்டை எளிதில் விடாது. வயலில் இட்டாலும் பயிருக்கு உடனே உதவாது. பாஸ்பேட் பாறையை இறக்குமதி செய்யும் நாட்டில் அதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. மெக்னீசியம் ஏற்றிய கரி பாஸ்பேட்டைப் பிடிக்கவும் செய்யும், மண்ணில் மெல்ல விடவும் செய்யும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கிறது. தேங்காய் ஓட்டை அதில் ஊறவைத்துக் கரியாக்கும் வேலையில்தான் இப்போது இறங்கியிருக்கிறேன்.

நீங்கள் எந்தப் பொருளை எடுத்தாலும், கழிவுநீரை விடுவதற்கு முன் ஒரு கைப்பிடியை வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரைச் சோதியுங்கள். நீலம் வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.