மடிக்கணினியையும் மேசைக்கணினியையும் இணைத்துக் கோப்புகளைப் பகிர்வது எப்படி? நெட்வொர்க் கேபிள் (லேன் கேபிள்) செருகியும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறதே?

இரண்டிலும் விண்டோஸ்தான் இருக்கிறது என்றும், மடிக்கணினியிலிருந்து மேசைக்கணினியைத் திறக்க முயன்றால் எதைக் கொடுத்தாலும் தவறு என்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேசைக்கணினியில் நீங்கள் பின் எண்ணைத் தட்டித்தான் நுழைகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த எண் அந்த ஒரு கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே தர வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்காக இருந்தால், அதன் பெயரில் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் வழக்கமாக அனுமதிப்பதில்லை.

பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த குடும்பப் படங்களையும் காணொளிகளையும் புதிய மடிக்கணினிக்கு மாற்ற முயன்றபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். உதவிக்கு வந்த பழுதுபார்ப்பவர் முதலில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்தார். அதன் பிறகு கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை இயக்கினார். இரண்டும் பலிக்காமல் போகவே, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால்தான் சரியாகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்பதை நான் எடுத்துச் சொன்னபோது, வீட்டுக் கணினிக்கு யார் வரப்போகிறார்கள் என்று சிரித்தார். பூட்டுக்குச் சாவி பொருந்தவில்லை என்றால் கதவையே பெயர்த்தெடுக்கும் இந்த வழக்கம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. இதே கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி, கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள் என்றுதான் தொடங்குகின்றன.

அவரை அனுப்பிவிட்டு, அவர் மாற்றிய இரண்டையும் பழையபடி ஆக்கிய பின், மேசைக்கணினியில் கோப்புப் பகிர்வுக்கென்றே, அந்தக் கணினியில் மட்டும் செல்லும் ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல்லும் வைத்தேன். மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாலே போதுமே என்று சிலர் கேட்கலாம், போதும்தான். ஆனால் என் அஞ்சல் முழுவதையும் திறக்கும் கடவுச்சொல்லை ஒரு கோப்புறைக்காகப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அடுத்து, பகிர வேண்டிய கோப்புறையின் பண்புகளில் ஷேரிங், செக்யூரிட்டி ஆகிய இரண்டு தாவல்களிலும் அந்தக் கணக்கிற்கு அனுமதி கொடுத்தேன். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும் என்பதால், ஒன்றில் மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் கோப்புறையின் பெயர் தெரியும், உள்ளே செல்ல முடியாது.

நெட்வொர்க் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் இல்லாமல் நேரடியாகக் கேபிள் செருகினால், விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று கருதிப் பப்ளிக் வகையில் சேர்த்துவிடும். அந்நிலையில் உங்கள் கணினி மற்ற கணினியின் கண்ணுக்குத் தெரியாது. நெட்வொர்க் வகையைப் பிரைவேட் ஆக்குங்கள். இரண்டு கணினிகளும் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமே எடுத்துக்கொள்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். முகவரி வழங்க ரவுட்டர் இல்லாதபோது அப்படித்தான் நடக்கும். பிறகு மடிக்கணினியின் கோப்பு உலாவியில் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளையும் (\\) அவற்றை ஒட்டி மேசைக்கணினியின் பெயரையும் தட்டுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் அந்த உள்ளூர்க் கணக்கினுடையதைக் கொடுங்கள்.

பென்டிரைவ் எதற்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நான்கு புகைப்படங்களுக்கு அது போதும். ஃபேட் 32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் காணொளி ஏறாது. மேகச் சேமிப்பிலோ ஒவ்வொரு கோப்பும் இணையத்தில் ஏறி மீண்டும் இறங்க வேண்டும். இருபுறமும் கிகாபிட் வேகமுள்ள நெட்வொர்க் துளைகள் இருந்தால் கேபிள் வழியே நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி செல்லும். வட்டுகளும் ஈடுகொடுத்தால் 100 ஜிபி சுமார் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒருபுறம் பழைய 100 மெகாபிட் துளை இருந்தால் அதே அளவுக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். கிகாபிட் துளைகளுக்கு, உள்கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்ட கிராஸ்ஓவர் கேபிள் தேவையில்லை, சாதாரணக் கேபிளே போதும். இருமுனையும் தட்டையான சாதாரண யுஎஸ்பி கேபிளால் மட்டும் இரண்டு கணினிகளை இணைத்துவிடாதீர்கள். அது கோப்பையும் மாற்றாது, துளையையும் கெடுக்கக்கூடும். வீட்டுக் கணினிகளுக்கிடையே பகிர்வதற்காக விண்டோஸில் இருந்த ஹோம்குரூப்பை அமைக்கச் சொல்லும் பழைய பதில்களையும் கடந்து செல்லுங்கள். அது 2018இலேயே விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், மடிக்கணினியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, முன்பு நீங்கள் கொடுத்த தவறான விவரம் அங்கே சேமிக்கப்பட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். பாதையே கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், மேசைக்கணினி உறக்க நிலைக்குப் போயிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.