நின்றுபோன 18 மாதப் பணம்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. மாதம் 1,500 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. வலிப்பு மாத்திரைக்கு அந்தப் பணம்தான். அவனுடைய தற்காலிக மருத்துவச் சான்று 2020 மே மாதத்தோடு முடிந்தது. ஊரடங்கு, கொரோனா என்று இழுத்து, 2021 நவம்பரில்தான் புதுப்பிக்க முடிந்தது. அடுத்த மாதமே பணம் வந்தது, இப்போது 2,000. நடுவில் நின்ற 18 மாதம் போனது போனதுதான் என்கிறார்கள். இனிமேல் கேட்கலாமா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: கட்டாயம் கேளுங்கள் தங்கச்சி. 27,000 ரூபாய், மாத்திரை வாங்க வேண்டிய பணம்.

நான் தண்டையார்பேட்டைக்காரி, போலியோ கால். 2020 ஜூனில் எங்கள் தெருமுனையில் தகரம் அடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் சான்றுக்காக, அவன் அம்மாவை என் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வார்டெல்லாம் கொரோனா வார்டு. சான்று தரவேண்டிய டாக்டர்கள் கவச உடைக்குள் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய அடையாள அட்டைப் புத்தகத்தைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டே நின்றார். "வந்துட்டுப் போனோம்னு தேதி மட்டும் போட்டுக் குடுங்க சார்." யாரும் போடவில்லை. வந்ததற்கு ஒரு சாட்சி இல்லாமல் போனது அப்படித்தான்.

அதே காலத்தில், 2020 பிப்ரவரி 1 முதல் காலாவதியான ஓட்டுநர் உரிமங்கள் 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசு நீட்டித்துக்கொண்டே போனது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை வழக்குகளின் காலக்கெடுவில் சேர்க்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். இவை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் மனுவில் எழுதுங்கள்: வண்டி ஓட்டுபவருக்கும் வழக்குப் போடுபவருக்கும் விட்டுக்கொடுத்த நாட்களை என் பிள்ளைக்கு ஏன் விடவில்லை?

மனு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பழைய சான்று, புதிய சான்று, பாஸ்புக்கில் பணம் நின்ற பக்கம், திரும்ப வந்த பக்கம், எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் கலெக்டரின் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உள்ள மாநில ஆணையரிடம் முறையிடலாம். பணம் வந்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எழுத்தில் கேட்காமல் மட்டும் விடாதீர்கள்.

சரி, இன்னொன்று. புதிய சான்றிலும் முடியும் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் சில மாதம் முன்பே விண்ணப்பித்து, கொடுத்த நாளின் முத்திரையை உங்கள் நகலில் போட்டு வாங்கி வையுங்கள்.