‘மயக்கம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தலைசுற்றலும் அதுவும் ஒன்றா?

வேர், ‘மயங்கு’ என்ற வினை. அதன் பழைய பொருள் கலத்தல். தொல்காப்பியத்தில் ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வந்து கலப்பதைச் சொல்லும் இயலுக்கு வேற்றுமை மயங்கியல் என்றே பெயர். சொல்லுக்குள் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவது மெய்ம்மயக்கம். பள்ளியில் படித்த மயங்கொலிகளும் (ல, ழ, ள போன்றவை) இந்தக் குடும்பம்தான். வெளிச்சமும் இருட்டும் கலக்கும் பொழுதைத்தான் ‘மாலை மயங்கும் நேரம்’ என்கிறோம்.

கலந்தால் பிரித்தறிய முடியாது. அதனால் அறிவு தெளிவில்லாமல் போவதும் மயக்கமானது. ‘காமம் வெகுளி மயக்கம்’ என்று குறள் (360) சொல்வது அந்த அறியாமையைத்தான். அப்புறம் உடலின் தெளிவு கெடுவதற்கும் அதே சொல் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சொற்பயணம் இது.

தலைசுற்றல் வேறு. சுற்றியுள்ளவை சுழல்வதுபோல் தோன்றுவது அது. பல நேரம் உட்காதுக் கோளாறால் வரும். ஆனால் பேச்சில் ‘மயக்கமா வருது’ என்றால் தலைசுற்றலாகவும் இருக்கலாம், கண் இருட்டுவதாகவும் இருக்கலாம். ‘மயக்கம் போட்டு விழுந்தார்’ என்றால் நினைவே தப்பியது. மருத்துவரிடம் போனால் மயக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்; சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பியதா என்று பிரித்துச் சொல்லுங்கள்.