பெயரில் வேவ், உள்ளே வேறு

வணக்கம். பேச்சொலி ஆய்வில் இருக்கிறேன். டிமிட் என்ற ஆங்கிலப் பேச்சுத் தொகுப்பின் ஒலிக்கோப்புகள் எல்லாம் ‘வேவ்’ என்றே முடிகின்றன, ஆனால் என் பிளேயர் திறக்க மறுக்கிறது. ஹெடர் (கோப்பின் தொடக்கத்தில் வரும் விவரப் பகுதி) இல்லாத வெற்றுக் கோப்பாகத் திறந்தபோது பேச்சு கேட்டது, தொடக்கத்தில் மட்டும் ஒரு கரகரப்பு. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 ஆக்கி வைத்தேன், பிறகு பிராட் என்ற பேச்சொலி ஆய்வு மென்பொருளுக்காகத் திரும்ப வேவ் ஆக்கினேன். இப்போது எந்த ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் ஒலிக்குறிப்புகள் ஒலியோடு பொருந்தவில்லை. தொகுப்பிலேயே பிழையா?
ம.

அன்புள்ள ம.,

தொகுப்பில் பிழை இல்லை. நீங்கள் கேட்ட அந்தக் கரகரப்பில்தான் விடை இருக்கிறது.

அந்தக் கோப்புகள் பெயரில் மட்டும்தான் வேவ், உள்ளே இருப்பது நிஸ்ட் என்ற அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஸ்ஃபியர் ஃபார்மட். ஒரு கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே ‘நிஸ்ட்’ என்று இருக்கும், அடுத்த வரியில் ஹெடரின் நீளம் 1024 பைட் என்று இருக்கும், அப்புறம் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள், அதாவது ஒலியின் எத்தனை அளவீடு), சேனல், பைட் வரிசை (ஒரு சாம்பிளின் பைட்களில் எது முதலில்), மொத்தச் சாம்பிள் எண்ணிக்கை எல்லாம் மனிதர் படிக்கும்படியே எழுதப்பட்டிருக்கும். எனக்கு இந்த ஃபார்மட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்: எந்த மென்பொருளும் கைகொடுக்காவிட்டாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கோப்பே சொல்லிவிடுகிறது.

நீங்கள் வெற்றுக் கோப்பாகத் திறந்ததால் அந்த 1024 பைட்டும் ஒலியாகப் படிக்கப்பட்டுவிட்டது. ஒரு சாம்பிளுக்கு 2 பைட், ஆக 512 போலிச் சாம்பிள்கள். நொடிக்கு 16,000 என்ற கணக்கில் 32 மில்லிநொடி. கரகரப்பும் அதுதான், உங்கள் குறிப்புகள் விலகியதன் முதல் காரணமும் அதுதான். இரண்டாவது காரணம் எம்பி3. அதில் போட்டு எடுக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெறுமை சேர்ந்துகொள்ளும், எவ்வளவு என்பது மாற்றும் மென்பொருளைப் பொறுத்தது, அதனால் 32-ஐ மட்டும் கழித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எம்பி3 பற்றி இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது காதுக்காகச் செய்யப்பட்டது. உரத்த ஒலியின் நிழலில் காது கவனிக்காத மெல்லிய ஒலிகளை அது வீசிவிடும், நமக்கோ அளக்க வேண்டியதே சில சமயம் அந்த மெல்லிய ஒலிதான். நல்ல பிட்ரேட்டில் உயிரொலிகளின் முதல் இரண்டு ஃபார்மண்ட்கள் (குரல்பாதையின் ஒத்ததிர்வுகள்) பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் ‘ப’, ‘ட’, ‘க’ போன்றவற்றின் வெடிப்புக்குச் சற்று முன்பே ஒரு மங்கலான இரைச்சல் பரவிவிடுவதுண்டு, வெடிப்பு எங்கே தொடங்கியது என்று மில்லிநொடியில் குறிப்பவருக்கு அது பெரிய இழப்பு. திரும்ப வேவ் ஆக்கினால் கோப்பு பெரிதாகும், போனது வராது.

நானும் ஒருமுறை பைட் வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டு, காதைப் பிளக்கும் இரைச்சலைக் கேட்டு, பதிவே பாழாகிவிட்டது என்று ஒரு முழு நாள் வருந்தியிருக்கிறேன். ஒலி பத்திரமாக உள்ளேயே இருந்தது. அதிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்வது இதுதான்: ஃபார்மட்டை மாற்றும்போது உறை மட்டும் மாறட்டும், உள்ளிருக்கும் சாம்பிள் ஒன்றுகூட மாறக் கூடாது.

சரி, செய்ய வேண்டியது. மூலக் கோப்பை பிராட் நேரடியாகவே திறக்கும், மாற்றவே தேவையில்லை. வேறு கருவிக்கு வேவ் வேண்டுமென்றால் சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரல் போதும், உள்ளே வருவது ஸ்ஃபியர் என்று அதற்குச் சொல்லிவிடுங்கள். சில தொகுப்புகளில் ஸ்ஃபியருக்குள்ளேயே ‘ஷார்ட்டன்’ முறையில் ஒலியைச் சுருக்கி வைத்திருப்பார்கள், ஹெடரிலேயே அது எழுதியிருக்கும், அதற்கு எஸ்பிஎச்2பைப் என்ற சிறு நிரல் இருக்கிறது. மாற்றியபின் கோப்பின் அளவைப் பாருங்கள்: வேவின் ஹெடர் வழக்கமாக 44 பைட், ஆகவே உங்கள் புதிய கோப்பு, சுருக்கப்படாத மூலத்தைவிடச் சரியாக 980 பைட் சிறிதாக இருக்க வேண்டும்.

டிமிட் குறிப்புகள் நொடியில் இல்லை, சாம்பிள் எண்ணில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். நாளை சாம்பிள் ரேட்டை 8,000-க்கு இறக்கினால் அந்த எண்கள் எல்லாம் பாதியாக வேண்டும், அதனால் இப்போதே 16,000-ஆல் வகுத்து நொடியாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு கோப்பை மாற்றி, குறிப்பின் கோடு வெடிப்பின் மேல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள். எம்பி3 வழியாக வந்த கோப்புகளில் இதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி அளந்துவிடுங்கள்.