பழைய டொட் நெட்டிலிருந்து புதியதுக்கு: வாசகர் கேள்விகள்

எங்கள் காப்புறுதி மென்பொருள் முழுக்க மைக்ரோசொஃப்டின் மென்பொருள் தளமான டொட் நெட்டின் பழைய வகை, அதாவது டொட் நெட் ஃப்ரேம்வேர்க் 4.8, திரைகள் எல்லாம் அதன் பழைய வலைப்பக்க முறையான வெப் ஃபோர்ம்ஸ். இந்த வருடத்துக்குள் புதியதுக்கு மாற்றச் சொல்கிறார்கள். எந்த டூலை ஓடவிட்டால் மாறும்? (தெஹிவளை)

எந்த டூலும் முழுதாக மாற்றித் தராது, அதை மேலிடத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2016இல் புதிய டொட் நெட்டின் முதல் வடிவமான டொட் நெட் கோர் வந்தபோதே வெப் ஃபோர்ம்ஸை மைக்ரோசொஃப்ட் விட்டுவிட்டது, அதற்குப் பிறகும் கொண்டுவரவில்லை. ஆகவே திரைகளைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். ஆனால் பதறவும் வேண்டாம்: 4.8 விண்டோஸின் ஒரு பகுதி, அது ஓடுகிற விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும்வரை அதற்கும் ஆதரவு உண்டு.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதப் போகாதீர்கள். பிரீமியம் கணக்கு, இழப்பீட்டு விதிகள் மாதிரி திரையோடு சம்பந்தமில்லாத கோடை முதலில் பிரித்தெடுத்து டொட் நெட் ஸ்டாண்டர்ட் 2.0 லைப்ரரி ஆக்குங்கள், பழைய தளமும் புதிய தளமும் அதே லைப்ரரியைப் பாவிக்கும். பிரிக்கும் முன்பே அந்தக் கணக்குகளுக்கு டெஸ்ட் எழுதிவிடுங்கள், இன்றைக்கு என்ன விடை வருகிறதோ அதுவே நாளைக்கும் வர வேண்டும். அப்புறம் முன்னால் யார்ப் என்ற ப்ரொக்ஸியை வைத்து, எழுதி முடித்த பக்கங்களைப் புதிய சேர்வருக்கும் மிச்சத்தைப் பழையதுக்கும் அனுப்பலாம். அது மைக்ரோசொஃப்டின் இலவச லைப்ரரிதான்.

போகும் இடம் டொட் நெட் 10ஆக இருக்கட்டும். 8இன் ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது, 10க்கு 2028 நவம்பர் வரை இருக்கிறது.

நாங்கள் நாலு பேர் உள்ள சின்னக் கம்பனி. கோட் எழுதும் விஷுவல் ஸ்டூடியோ மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டுமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். பெரிய நிறுவனமாக இல்லாதவரை ஐந்து பேர் வரைக்கும் கொம்யூனிட்டி பதிப்பு இலவசம். 250 கணினிக்கு மேல், அல்லது வருடத்துக்குப் பத்து லட்சம் டொலருக்கு மேல் வருமானம் என்றால்தான் பெரிய நிறுவனக் கணக்கு. மைக்ரோசொஃப்டின் இன்னொரு எடிட்டரான விஎஸ் கோட் எல்லாருக்கும் இலவசம், ஆனால் சி ஷார்ப் மொழிக்காக அதில் போடும் நீட்சியான சி ஷார்ப் டெவ் கிட்டுக்கு கொம்யூனிட்டியின் அதே நிபந்தனைதான், பலர் இதைக் கவனிப்பதில்லை.

எங்கள் டொட் நெட் மென்பொருளை அல்பைன் டொக்கரில் (சின்ன லினக்ஸ் உள்ள கொள்கலன்) ஏற்றியதும் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்ற நேர வலயம் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. 'ஏசியா/கொலம்போ' என்று மாற்றியும் அதே பிழை. பேசாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடவா? (கொட்டாஞ்சேனை)

தயவுசெய்து கூட்டாதீர்கள்! முதலாவது பெயர் விண்டோஸின் பெயர், இரண்டாவது லினக்ஸின் பெயர். டொட் நெட் 6இலிருந்து எதைக் கொடுத்தாலும் இரண்டு இடத்திலும் புரிந்துகொள்ளும், ஆனால் அதற்கு ஐசியு என்ற மொழி, நாட்டு வழக்கு லைப்ரரியும் நேர வலயத் தரவும் கணினியில் இருக்க வேண்டும். அல்பைன் இமேஜ் சின்னதாக இருக்க வேண்டுமென்று இரண்டையும் விட்டுவிட்டார்கள். டிஇஸட்டேட்டா (நேர வலயத் தரவு), ஐசியு பொதிகளை டொக்கர் கோப்பில் சேருங்கள், ஐசியு இல்லாமல் ஓடவைக்கும் 'குளோபலைசேஷன் இன்வேரியன்ட்' அமைப்பை ஃபோல்ஸ் ஆக்குங்கள், சரியாகிவிடும்.

கூட்டக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மின்தட்டுப்பாட்டினால் 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள், பிறகு 2006 ஏப்ரல் வரைக்கும் நாங்கள் இருந்தது யூடிசியிலிருந்து ஆறு மணித்தியால வித்தியாசத்தில். 2003இல் பதிந்த ஒரு விபத்து முறைப்பாடு யூடிசி நேரமாக இருந்து, நீங்கள் ஐந்தரையைக் கூட்டினால் அரை மணி பிழைக்கும், நள்ளிரவை ஒட்டியதென்றால் திகதியே மாறிவிடும். 'ஏசியா/கொலம்போ' தரவில் இந்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகி இருக்கின்றன.

பழைய டேட்டாபேஸில் தமிழ்ப் பெயர்கள் பாமினி என்ற பழைய ஃபொன்டில் இருக்கின்றன. தளத்தை மாற்றும்போதே யூனிகோடுக்கு மாற்றலாமா? (வத்தளை)

தனியாக, முன்கூட்டியே செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிழை எங்கிருந்து வந்தது என்று பிடிக்க முடியாது. பாமினியில் சேமிக்கப்பட்டிருப்பது வெறும் ஆங்கில எழுத்துக்களும் குறிகளும், ஃபொன்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் டேட்டாபேஸின் ஒரே நிரலில் (கொலம்) ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் எது எதென்று கணினி நிச்சயமாகச் சொல்லாது, ஆள் இருந்து பார்க்க வேண்டும். நிரலை என்வார்சார் (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் வகை) ஆக்க மறக்காதீர்கள். நீளத்தையும் கூட்டி வையுங்கள்: 'கொழும்பு' கண்ணுக்கு நாலு எழுத்து, லெந்த் (நீளம்) கேட்டால் எட்டு, உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால். திரையில் எழுத்தை எண்ண டொட் நெட்டின் 'ஸ்ட்ரிங்இன்ஃபோ'வைப் பாவியுங்கள்.

அக்கா, கம்பஸில் படித்தது எல்லாம் பழைய பதிப்பு. வகுப்புக்குக் காசு கட்டாமல் புதியதைப் படிக்க முடியுமா? (மொரட்டுவை)

முடியும் தம்பி. மைக்ரோசொஃப்ட் லேர்ன் முழுவதும் இலவசம், டொட் நெட்டின் மூலக் கோடே கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் 'பிரேக்கிங் சேஞ்சஸ்' (பழைய கோடை ஓடவிடாமல் செய்யும் மாற்றங்கள்) என்று ஒரு பட்டியல் வரும், ஆட்கள் வாசிக்காமல் விடுவது அதைத்தான், நீர் அதில் தொடங்கும். உதாரணத்துக்கு 9இல், தரவைச் சேமித்துத் திரும்ப வாசிக்கப் பாவித்த பைனரி ஃபோமேட்டரை எடுத்துவிட்டார்கள், பாதுகாப்பில்லை என்பதால். நீர் படித்த பழைய ப்ரொஜெக்ட் ஒன்றில் அது இருந்தால் அதை ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவுக்கு மாற்றி, 10இல் ஓட்டிப் பாரும்.