1325-ஐ வைத்து மனு எழுத முடியுமா?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் மீனவப் பெண்கள் குழு ஒன்று நடத்துகிறோம். மீன், கருவாடு விற்பவர்கள், பாசி எடுப்பவர்கள், வீட்டுக்காரர் இலங்கைச் சிறையில் இருப்பவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். மதுரையில் நடந்த ஒரு பயிற்சியில், பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய ஐ.நா.வின் 1325-ஆம் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதைக் காட்டி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா? கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். மனுவை வாங்குபவர், "இது டெல்லி சமாச்சாரம்மா" என்று ஒதுக்கிவிட வழி இருக்கிறது.

ஐ.நா. பாதுகாப்பு அவை 1325-ஐ நிறைவேற்றியது 2000 அக்டோபர் 31 அன்று. போரும் பூசலும் உள்ள இடங்களில் முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் இருக்க வேண்டும், வன்முறையிலிருந்து பாதுகாப்பு வேண்டும், மோதல் வராமல் தடுப்பதிலும் நிவாரணத்திலும் அவர்கள் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். இதை நடைமுறைப்படுத்த பல நாடுகள் தேசியச் செயல்திட்டம் போட்டிருக்கின்றன. நேபாளம் 2011-லும், வங்கதேசம் 2019-லும் போட்டன. உங்கள் வீட்டுக்காரர்களைப் பிடித்து வைத்திருக்கும் இலங்கையும் 2023-ல் போட்டுவிட்டது. இந்தியாவிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை. 2007-ல் ஐ.நா. அமைதிப் பணிக்காக லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட காவல் படைப்பிரிவை அனுப்பிய நாடு என்ற பெருமை நமக்கு உண்டு. அந்த அக்கறை சொந்தக் கடற்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது வேறொன்று. பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கை. சுருக்கமாக 'சீடா' என்பார்கள். இந்தியா 1993-ல் இதை ஏற்று உறுதி செய்தது. திருமணப் பதிவு, சமூகங்களின் தனிப்பட்ட வழக்கங்கள் போன்றவற்றில் சில நிபந்தனைகளைச் சொல்லி வைத்தது. ஆனால் பொதுவாழ்வில் பங்கேற்பு பற்றிய 7-ஆம் பிரிவு, நாட்டின் சார்பில் வெளிநாடுகளோடு பேசும் இடங்களில் பெண்களுக்கு வாய்ப்பு பற்றிய 8-ஆம் பிரிவு, கிராமப்புறப் பெண்கள் பற்றிய 14-ஆம் பிரிவு ஆகிய மூன்றுக்கும் நிபந்தனை எதுவும் இல்லை. அப்புறம், 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சீடாவைச் சுட்டிக்காட்டித்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளைத் தந்தது. 2013-ல் சட்டம் வந்தது அதன் தொடர்ச்சியாக. வெளிநாட்டுக் காகிதம் இந்தியச் சட்டமான கதை இருக்கிறது என்பதால், மனுவில் சீடா வந்தால் அதற்கு எடை உண்டு. இதே சீடாவைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2013-ல் தந்த 30-ஆம் பொதுப் பரிந்துரை, 1325 சொல்லும் விஷயங்களையெல்லாம் உடன்படிக்கைக் கடமையோடு இணைத்துவிட்டது. ஆக, மனுவில் 1325-க்கு ஒரு வரி போதும், அதுவும் சீடாவுக்குப் பின்னால்.

"எங்கள் கடல் போர்க்களம்" என்ற மாதிரி வரிகள் வேண்டாம். வலி உண்மைதான், ஆனால் அப்படி எழுதினால் மனு வெளியுறவுத் துறைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிடும். மாவட்டத்தில் யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறதோ, அதைத்தான் கேட்க வேண்டும்.

எதைக் கேட்பது? முதலில், பேச்சுவார்த்தை. 1974, 1976 இந்திய-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களுக்குப் பின் வந்த சிக்கலைத் தீர்க்க இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் உட்கார்ந்து பேசினார்கள். 2016-ல் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. மறுபடி பேச்சு வரும்போது பட்டியலில் யார் பெயர் போகும்? பெரும்பாலும் விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்கத் தலைவர்கள் பெயர். ஆள் பிடிபட்ட அன்று இரவு கடனுக்கும் வக்கீலுக்கும் அலைவது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையால் இலங்கையின் வடக்கு மாகாணத்து மீனவக் குடும்பங்கள் படும் பாட்டையும் அங்குள்ள பெண்களோடு நேராகப் பேசக்கூடியவர்கள் நீங்கள். எனக்கு இதுதான் உங்கள் மிக வலுவான கோரிக்கையாகத் தெரிகிறது.

பெண்களால் பேசித் தீர்க்க முடியுமா என்று யாராவது இழுத்தால், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைக் காட்டுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் வனத்துறையோடு மல்லுக்கட்டிய பிறகு, தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. அரசு சொல்லிச் செய்ததல்ல அது.

அடுத்தது நிவாரணம். சிறையில் உள்ள மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினப்படி உதவித்தொகை தருகிறது. பணம் மனைவியின் சொந்தக் கணக்கில் நேராக வரவேண்டும், பிடிபட்ட தகவலைப் படகு முதலாளி சொல்லித் தெரிந்துகொள்ளாமல் மீன்வளத் துறையே குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை.

ஏலக்கடையில், கரையில் நடக்கும் சீண்டலுக்கு 2013 சட்டமே போதும். சுயமாக மீன் விற்பவர்களும் அதில் வருகிறார்கள். மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். அவசரத்துக்கு பெண்கள் உதவி எண் 181.

மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"இந்தியா 1993-ல் ஏற்ற சீடா உடன்படிக்கையின் 7, 8, 14-ஆம் பிரிவுகளின்படியும், ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-ஆம் தீர்மானத்தின் நோக்கப்படியும், மாவட்ட மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மீனவ மகளிர் குழுக்களையும் முறையாக அழைக்குமாறும், இலங்கை மீனவர்களுடனான அடுத்த பேச்சுவார்த்தைக்கு இம்மாவட்டத்திலிருந்து பரிந்துரைக்கப்படும் பெயர்களில் பெண்களையும் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் கடலோர மாவட்டக் கலெக்டர் செய்ய முடியாதது எதுவும் இல்லை. அழைப்பதும் பெயர் பரிந்துரைப்பதும் அவர் வேலைக்குள்தான் வரும். உதவித்தொகைக் கோரிக்கையைத் தனி மனுவாக மீன்வளத் துறை உதவி இயக்குநருக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால், எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள்.

இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் சிறுதொழில் மீன்பிடிப்பு வழிகாட்டு நெறிகள், 2014. கட்டாயமல்ல, ஆனால் மீனவப் பெண்களை முடிவெடுப்பதில் சேர்க்க வேண்டும் என்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. அந்த நெறிகள், சென்னையிலிருந்து மீனவர்களுக்காக உழைத்து, அதே ஆண்டு எம்.எச். 370 விமானத்தோடு காணாமல் போன சந்திரிகா சர்மாவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டவை. மீன்வளத் துறையில் உள்ளவர்களுக்கு இது அறிமுகமான ஆவணம் என்பதால் இணைப்பாக வையுங்கள்.

நாடு நடவடிக்கை எடுக்கவில்லை என்று சீடா குழுவுக்கு நேரடிப் புகார் அனுப்ப முடியுமா என்றும் யாராவது கேட்பார்கள். முடியாது. அதற்கான விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. நாட்டின் அறிக்கையை அந்தக் குழு ஆராயும்போது அமைப்புகள் சேர்ந்து மாற்று அறிக்கை தரலாம், அது நீண்ட வேலை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எண்ணோடு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரிப் பதில் வரும், வரட்டும். உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்ட சங்கங்களின் பட்டியல், வருகைப் பதிவேட்டில் உள்ள பெண்களின் எண்ணிக்கை, கூட்டக் குறிப்புகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த எண்ணிக்கை கைக்கு வந்ததும் இரண்டாவது மனுவை எழுதுங்கள். அதன் முதல் வரியே அந்த எண்ணாக இருக்கட்டும்.